பிள்ளை பயப்படுது, மெசியே

போன வாரம் கடற்கரை ஓட்டலில் வேலை பார்க்கும் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். என் அப்பா அந்தக் காலத்தில் துரைமாரை மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனவர் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வழிகாட்டி என்றால் எப்படி இருக்க வேண்டும், ரெண்டு வரி சொல்லுங்கள், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் காகிதத்தில் அச்சடிக்கப் போகிறோம் என்று எங்கள் தீவின் கிரியோல் மொழியில் கேட்டான். கடல் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும் என்றேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சத்தை அவனிடம் சொல்ல முடியாது. முழங்கால் வலியும் கண்புரையுமாக உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்கள் உங்களுக்குத்தான் சொல்ல முடியும். உங்களுக்கும் அவசரம் இல்லை, எனக்கும் இல்லை.

எங்கள் ஊர் வடக்கே. தேர் ரூஜ் என்கிற ஊரையும் தாண்டி மாட்டு வண்டியில் அரை நாள் போக வேண்டும். கரும்புக்காடு கடல் வரைக்கும் வந்து நிற்கும். அப்பாவுக்கு ரெண்டு ஆர்பான், ஏறக்குறைய ரெண்டு ஏக்கர், நிலம் இருந்தது. அதில் பாதி கரும்பு, பாதி பொறுக்கிக் குவித்த கல். வெயில் காலத்தில் மேட்டு நகரங்களிலிருந்து துரைமார் கடலோர பங்களாக்களுக்கு வருவார்கள். அப்போது அப்பா மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டுப் படகுக்குப் போவார். படகு அவருடையது இல்லை. அது ஒரு கிரியோல்காரருடையது. அவரை நான் தொந்தோன் என்று கூப்பிடுவேன், மாமா என்கிற மாதிரி. தொந்தோன் கழி ஊன்றுவார், தூண்டிலில் இரை மாட்டுவார், விழுந்த மீனைக் கழற்றுவார். அப்பா பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர்களை எங்கே கூட்டிப்போவது, எப்போது திருப்பிக் கொண்டுவருவது என்பது மட்டும்தான் அவர் வேலை.

அப்பா ஒரு நாளும் தூண்டிலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மீன் கூட்டத்தை முதலில் அவர் கண்தான் பார்க்கும். ஆனால் சொல்ல மாட்டார். துரையை மெசியே என்று மரியாதையாகக் கூப்பிட்டு, "அங்க தண்ணி நெறம் மாறின மாதிரி இருக்கு. எனக்குக் கண்ணு சரியா தெரியல. மெசியே கொஞ்சம் பாக்குறீங்களா?" என்பார். துரை எழுந்து நின்று பார்த்துவிட்டு, அங்கே ஓட்டு, அங்கே ஓட்டு என்று கத்துவார். மீன் விழும். வீட்டுக்குப் போய்த் தன் பெண்டாட்டியிடம் தானே கண்டுபிடித்ததாகத்தான் அவர் சொல்லியிருப்பார். ஊரில் இதைப் பார்த்துவிட்டு, துரைக்கு வால் பிடிக்கிறான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

ஆனால் மீன் காட்டுவது யாராலும் முடியும். கஷ்டமானது மறுத்துச் சொல்வது. கூலி கொடுக்கிறவர், நல்ல பூட்ஸ் போட்டவர், நான்கு நண்பர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அலை உடையும் பவளத் திட்டுக்கு வெளியே போ என்கிறார். வானம் கிழக்கே செம்பு நிறத்தில் கிடக்கிறது. முடியாது என்றால் அவருக்கு ரோஷம் வரும். சரி என்றால் எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான். அதற்குத்தான் அப்பா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரு பிஸ்கட் டின்னால் படகுக்குள் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுதான் என் வேலை என்று வெளியில் பேச்சு. அந்த டின் மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். உப்புத் தண்ணீர் பட்டுப்பட்டு அவள் முகம் போய்விட்டது, குடை மட்டும் மிச்சம். பெண்பிள்ளையை எதற்குப் படகில் ஏற்றுகிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். விஷயம் வேறு. துரை வெளியே போ என்றதும் அப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிய வேண்டும். உடனே அப்பா சொல்வார்:

"பிள்ளை பயப்படுது, மெசியே."

எந்தத் துரையும் அதற்கு மேல் பேச மாட்டார். பாவம், பாவம், திரும்பு என்பார். அவர் பயந்து திரும்பவில்லை, ஒரு சின்னப் பெண்ணுக்காக இரக்கப்பட்டுத் திரும்பினார். மானமும் மிஞ்சியது, உயிரும் மிஞ்சியது. எனக்கு ஒரு நாளும் பயமே இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கை தேர்ந்துவிட்டது. ஒரு தடவை நானாகவே கண்ணீர் விட்டுக் காட்டினேன். தொந்தோன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். கரையேறியதும் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். தார் வாசமும் ஆக்டோபஸ் வாசமும் கலந்த ரொட்டி. இன்றைக்கு எதைத் தின்றாலும் அந்த ருசி வருவதில்லை.

நான் சொல்ல வந்தது அந்த வருஷத்துக் கதையை.

என் தம்பிக்கு ஐந்து வயது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் வரும். மத்தியானம், கரும்பாலைச் சங்கு ஊதி முடிகிற நேரத்துக்கு நடுக்கம் ஆரம்பித்துவிடும். வெளியில் வெயில் கல்லைப் பிளக்கும், உள்ளே அவன் பல் கிட்டிக்கொண்டு கிடப்பான். வீட்டில் உள்ள சாக்குகளை எல்லாம் மேலே போட்டு நான் அவற்றின் மேல் படுத்துக்கொள்வேன். அப்படியும் என்னையும் சேர்த்துக் குலுக்குவான். காய்ச்சல் இல்லாத நாளில் என் பின்னாலேயே வந்து, என்னையும் படகில் ஏற்றிக்கொள் என்று அப்பாவிடம் அழுவான். உடம்பு தேறட்டும் என்பார் அப்பா. இடது பக்கம் அவன் வயிறு கல் மாதிரி இருக்கும். தீவு முழுக்க இருந்த காய்ச்சல்தான், உங்கள் வீட்டிலும் யாராவது போயிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் கினைன் கொடுத்தார்கள். கசப்பு, குடித்தால் காது இரையும் என்று வாங்கி வந்து வேலியோரம் கொட்டினவர்கள்தான் நம்மில் அதிகம்.

அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். தைப்பூசத்தில் அப்பா நாக்கில் அலகு குத்திக் காவடி எடுப்பார், பிள்ளையைக் காப்பாற்று என்று. பத்து நாள் விரதம் ஆரம்பித்தது. வீட்டில் மண்சட்டி எல்லாம் மாற்றினோம். அப்பா தரையில் படுத்தார், ஒரு வேளை சாப்பிட்டார். மீன் என்கிற சொல்லையே வீட்டில் சொல்லக்கூடாது.

அந்த நேரம் பார்த்து ஒரு துரை வந்துவிட்டார். வருஷா வருஷம் வருகிறவர், அப்பாவைத் தவிர வேறு யார் படகிலும் ஏறமாட்டார். நல்ல மனுஷன், கொஞ்சம் பருமன், நிறையக் கேள்வி கேட்பார். விரதத்தில் இருக்கிறேன் என்று அப்பா சொன்னார். நீ மீனைத் தொட வேண்டாம், கண்ணை மட்டும் கொண்டுவா என்றார் துரை. போன வருஷமே வாக்குக் கொடுத்திருந்தபடியால் அப்பா போனார். இரை இருந்த டின் பக்கம்கூடத் திரும்பாமல், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு சுக்கானைப் பிடித்தார்.

விரதத்தின் ஐந்தாம் நாள், தண்ணீர் வற்றிய நேரம். படகைத் தொந்தோனிடம் விட்டுவிட்டு, துரையும் அப்பாவும் நானும் பவளத் திட்டின் மேல் நடந்து போனோம். தண்ணீர் என் முழங்கால் அளவுதான். அங்கே லாஃப் என்று ஒரு மீன் கிடக்கும். பார்த்தால் பாசி பிடித்த கல். முதுகில் முள், முள்ளில் விஷம். அதனால் கேன்வாஸ் சப்பாத்தைக் கழற்றாதீர்கள், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள் என்று அப்பா ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை சொல்வார். அன்றைக்கும் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பட்டினியில் தலை சுற்றியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் துரை ஒரு சப்பாத்தைக் கழற்றி அதிலிருந்த மண்ணைக் கொட்டினார். வெறுங்காலைக் கீழே வைத்தார்.

பெரிய மனுஷர் ஒருவர் அப்படி அலறி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அப்பா ஓடி வந்து அவரைத் திட்டில் மேடான ஓரிடத்தில் உட்கார வைத்தார். தலைத்துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே கட்டினார். பிறகு குனிந்து அந்தக் காலில் வாயை வைத்து உறிஞ்சினார். உறிஞ்சித் துப்பினார், உறிஞ்சித் துப்பினார். துப்பியதெல்லாம் சிவப்பு. ஐந்து நாளில் அலகு குத்திக்கொள்ள வேண்டிய வாய். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது, ஒரு கணமும் நின்று யோசிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

துரை பிழைத்தார். முள் ஆழமாக இறங்கவில்லை. இப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள், உறிஞ்சுவதால் ஒன்றும் ஆகாதாம், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்தாலே போதுமாம். இதைக் கேட்ட அன்று நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பா குளித்துவிட்டுக் கோயில் தலைவரிடம் போனார். அம்மாவுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் தடுத்திருப்பாள். நான் கூடப் போனேன்.

"வாயில ரத்தம் பட்டுதா?" என்று தலைவர் கேட்டார்.

"பட்டுதுங்க."

"யாரு ரத்தம்?"

"துரையோடது."

தலைவர் தாடையைத் தடவினார். அவர் கெட்டவர் இல்லை. "மாட்டுக்கறி தின்ற உடம்பு ரத்தம்ப்பா. அலகு ஏறுற வாயாச்சே. இந்த வருசம் வேணாம். அடுத்த வருசம் எடு. முருகன் எங்க போயிடப் போறான்?" என்றார். அம்மாவின் தம்பி யாராவது உனக்குப் பதிலாக எடுக்கட்டுமே என்றும் சொன்னார். நேர்ந்தது என் பேரில் என்றார் அப்பா.

வீட்டில் அம்மா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரு கேட்டா ஒங்கள?" என்றாள். "நீங்களா எதுக்குப் போய்ச் சொன்னீங்க?"

"சாமிக்குத் தெரியுமே."

"சாமிக்குத் தெரிஞ்சா அது சாமியோட போவுது. தலைவருக்கு எதுக்குத் தெரியணும்? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். அவன் கால உறிஞ்சினீங்களே, ஒங்க புள்ள அங்க சாக்குக்கு அடியில கெடக்குறானே, அவன நெனச்சீங்களா?"

துரைமாரின் மானத்துக்காகச் சின்னப் பொய் சொல்லத் தெரிந்த அப்பாவுக்கு, தனக்காகக் கோயிலில் ஒன்று சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் சொல்லவில்லை.

தைப்பூசம் போய்விட்டது. மற்றவர்கள் காவடி எடுத்ததை நாங்கள் வேலிக்குள்ளிருந்து பார்த்தோம். அதற்கு அடுத்த வாரம் துரை ஒரு தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். எங்கள் தெருவில் அதுவரை எந்தத் துரையும் நடந்ததில்லை. நாய்கள் எல்லாம் குரைத்தன. தம்பியின் காய்ச்சலைப் பற்றித் தொந்தோன் அவரிடம் சொல்லியிருக்கிறார். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்றை அப்பா கையில் கொடுத்தார். நல்ல கினைன், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாதிரி இல்லை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தீரும் வரை கொடு என்றார். என் தலையைத் தடவினார். நொண்டிக்கொண்டே போனார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "அத வெளிய வைங்க" என்றாள்.

"நல்ல மருந்துன்னு சொல்றாரு."

"நேர்ந்துக்கிட்டது அப்படியே நிக்குது. இப்ப மருந்து குடுத்தா என்ன அர்த்தம்? நீ வேணாம், துரை போதும்னு முருகன்கிட்ட சொல்றதா? அவன் காலுதான வெரதத்தக் கெடுத்துது. அவன் கை மருந்து மட்டும் கெடுக்காதா?"

அப்பா புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா படகில் ஏறிய துரை மாதிரி வெளியே போ, வெளியே போ என்கிறாள். திருப்ப வேண்டும். நான் எதையாவது பிடித்துக்கொண்டு அழ வேண்டும். தம்பி செத்துப் போயிடுவான், பயமா இருக்கு, மருந்து குடும்மா என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, வாயே திறக்கவில்லை. பொய்ப் பயத்தை அவ்வளவு நன்றாக நடித்த எனக்கு நிஜப் பயத்தைக் காட்டத் தெரியவில்லை.

அப்பா புட்டியைக் கூரைச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டுக் களை பிடுங்கப் போய்விட்டார். கூலி கொடுத்த எத்தனையோ பேரிடம் மறுத்துச் சொன்னவர் சொந்த வீட்டில் ஒரு தடவை சொல்லவில்லை. விரதத்தைக் கெடுத்த குற்ற உணர்வில் அம்மாவிடம் அவருக்கு வாய் எழவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது கோபம் மட்டும்தான் வந்தது. நான் பத்து வயதில் செய்யாததை நினைத்து இந்த வயதிலும் தூக்கம் கெடுகிறது. நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

தைப்பூசம் போய் ஐந்து மாதத்தில், கரும்பு வெட்டு தொடங்கிய குளிரில் தம்பி போனான். மத்தியான நடுக்கம் வந்தது, சாயங்காலம் விடவில்லை. அவ்வளவுதான். குழந்தை என்பதால் புதைத்தார்கள். திரும்பி வந்து நான் சட்டத்தின் மேல் கையை விட்டுத் துழாவினேன். புட்டி இல்லை. யார் எடுத்தார்கள், எங்கே போட்டார்கள் என்று நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு நேராகப் பேசுவதை நிறுத்தினாள். மூன்று பேரும் ஒரே அடுப்படியில் உட்கார்ந்திருப்போம். ஒங்க அப்பாவச் சாப்பிடச் சொல்லு என்பாள். நான் சொல்லுவேன். அடுத்த தைப்பூசத்தில் அப்பா அலகு குத்திக் காவடி எடுத்தார். நேர்ந்த நேர்ச்சை நிற்கிறதே. யாருக்காக எடுக்கிறாய் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

காவடி முடிந்த வாரம் துரை வந்தார். கால் முழுக்கத் தேறியிருந்தது. படகு கரையை விட்டதும் முதல் வேலையாகத் திரும்பி, "உன் பையன் எப்படி இருக்கான்? மருந்து கேட்டுதா?" என்றார்.

தொந்தோன் ஊன்றிய கழியை எடுக்காமல் நின்றுவிட்டார். நான் டின்னோடு குனிந்திருந்தேன்.

"கேட்டுது, மெசியே" என்றார் அப்பா. "நல்லா இருக்கான். ஓடுறான்."

துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் சொன்னேனே, நல்ல மருந்து என்று நான் சொன்னேனே என்று தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு அவர் மீன்பிடித்தார். அன்றைக்கு நிறைய மீன் விழுந்தது. கரையேறியதும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று தொந்தோன் அப்பாவின் தோளைப் பிடித்துக் கேட்டார். "அவரக் கூட்டிட்டு வந்த ஆளு நானு. திருப்பிக் கொண்டுபோய் விடுற வரைக்கும் அவரு மனசுலயும் முள்ளு குத்தக்கூடாது" என்றார் அப்பா. கோயிலில் ஒரு பொய் சொல்லத் தெரியாதவர் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அதற்கடுத்த வருஷமும் துரை கேட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன் என்றார் அப்பா. அதற்கும் அடுத்த வருஷம் என்னைப் படகில் ஏற்றவில்லை. நான் பெரியவளாகிவிட்டேன், வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா அந்தத் துரையோடு கடலுக்குப் போய்விட்டு வந்து, கால் கழுவி, எப்போதும் போல் தூரமாக உட்கார்ந்தார். படகில் நடந்ததையெல்லாம் நான் அம்மாவிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். அவள் அம்மியை விட்டு நிமிராமல் காதில் வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்குத் தட்டை என்னிடம் கொடுக்காமல் தானே கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள்.

"கேட்டாரா?" என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசுகிற முதல் வார்த்தை அது.

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டாம் வகுப்புன்னு சொன்னேன். கணக்கு நல்லா போடுறான்னு சொன்னேன்."

அம்மா குனிந்து தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"கணக்கு எங்க வரும் அவனுக்கு? என் பொறந்த வீட்டு மண்டை" என்றாள். "வாத்தியார்கிட்ட தெனமும் அடி வாங்குறான்னு சொல்லுங்க."

"சரி, அடுத்த வருசம் அப்படியே சொல்றேன்" என்றார் அப்பா.